எல்லோரும் ஏறும் வண்டி

பஸ், ரயில், மெட்ரோ ஆகியவை பொதுப் போக்குவரத்துச் சாதனங்கள் என்று நாம் பாடத்தில் படிக்கிறோம். சீட்டு வாங்கிய எவரும் அவற்றில் பயணம் செய்யலாம் என்று விடைத்தாளில் எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறோம். அந்த விடை முழுவதும் சரிதானா என்ற ஐயம் இந்த ஆண்டு எங்கள் வகுப்பில் எழுந்தது. அதற்குக் காரணம் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி.

அவள் சக்கர நாற்காலியில் பள்ளிக்கு வருபவள். ஆறாம் வகுப்பிலிருந்து எங்களுடன் படிக்கிறாள். கணக்குப் பதிவியலில் அவளுக்கு நிகர் எங்கள் வகுப்பில் யாருமில்லை. காலையும் மாலையும் தெரிந்தவர் ஒருவரின் ஆட்டோவில் அவளுடைய அம்மா கூடவே வந்து, தூக்கி ஏற்றி, தூக்கி இறக்கி அழைத்துச் செல்கிறார். வீட்டிலிருந்து பள்ளி ஒன்றரைக் கிலோமீட்டர்தான். ஆகவே இதுவரை எப்படியோ சமாளித்தாயிற்று. ஆனால் பிளஸ் டூ முடிந்ததும் அவள் பி.காம். சேர விரும்பும் கல்லூரி ஒன்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.

எங்களில் பலரும் அதே கல்லூரிக்குத்தான் விண்ணப்பிக்க இருக்கிறோம். எங்களுக்கு டவுன் பஸ் இருக்கிறது. பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. அவளுக்கோ ஆட்டோவைத் தவிர வழியில்லை. போக நூற்றைம்பது, வர நூற்றைம்பது என்று ஆட்டோக்காரர் கணக்குச் சொன்னார். மாதத்தில் இருபத்திரண்டு நாள் கல்லூரி நடந்தால் 6,600 ரூபாய் ஆகிறது. அவளுடைய அப்பா தையற்கடை வைத்திருப்பவர். கல்லூரிக் கட்டணத்தைவிட வழிச்செலவு அதிகம் என்று கண்டவர், "கரஸ்ல படிக்கட்டும்" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டார்.

நாங்கள் விடவில்லை. ஒரு சனிக்கிழமை பிற்பகல் எங்களில் நால்வர் அவளை டவுன் பஸ்ஸில் அழைத்துக்கொண்டு அந்தக் கல்லூரியைப் பார்த்துவரப் புறப்பட்டோம். பழகிவிட்டால் எல்லாம் எளிதாகிவிடும் என்பது எங்கள் எண்ணம். பஸ் நிறுத்தத்தில் நிற்காமல் சற்றுத் தள்ளிப் போய் நின்றது. முதற்படியே எங்கள் முழங்கால் அளவு இருந்தது. வாசலின் நடுவில் ஒரு கம்பி; நாற்காலியோடு ஏற்ற இடம் போதவில்லை. கடைசியில் முன்பின் அறியாத இரண்டு ஆண்கள் இறங்கி வந்து, அவளுடைய அக்குளில் கை கொடுத்துத் தூக்கி இருக்கையில் வைத்தார்கள். நல்ல மனத்தோடுதான் அவர்கள் அதைச் செய்தார்கள். மடக்கிய நாற்காலியை நாங்கள் உள்ளே தள்ளினோம். இதற்குள் பஸ் ஆறு நிமிடம் தாமதமாகிவிட்டது. ஜன்னல் வழியே எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். இறங்கும்போதும் அதே பாடுதான்.

வழி நெடுக அவள் பேசவில்லை. திரும்பி வந்தபின் எங்களிடம் சொன்னாள்: "தெரியாதவங்க என்னைத் தூக்கறது எனக்குப் பிடிக்கலைடி. இன்னிக்கு நீங்க நாலு பேர் இருந்தீங்க. தினமும் யார் இருப்பாங்க?"

எங்களிடம் பதில் இல்லை. இதை வகுப்பாசிரியையிடமும் தலைமையாசிரியையான அருட்சகோதரி அவர்களிடமும் கூறினோம். "வருத்தப்பட்டது போதும், இதைப்பற்றிப் படித்துத் தெரிந்துகொண்டு ஆண்டு மலரில் எழுதுங்கள்" என்று சிஸ்டர் பணித்தார்கள். அவ்வாறு நாங்கள் தேடி அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

படியின் உயரம்

முதலில் நாங்கள் அறிய விரும்பியது, பஸ் ஏன் அவ்வளவு உயரமாக இருக்கிறது என்பதே. நம் நாட்டில் நெடுங்காலமாகப் பஸ்கள் லாரிக்கு உரிய அடிச்சட்டத்தின் மேலேயே கட்டப்பட்டு வந்தன. எஞ்சின் முன்னால் இருக்கும். அதன் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டு செல்லும் நீண்ட தண்டு வண்டியின் அடியில் ஓடும். இவற்றுக்கெல்லாம் மேலே தளம் அமைய வேண்டியிருப்பதால், தரையிலிருந்து தளத்தின் உயரம் 900 மில்லிமீட்டர், சில வண்டிகளில் அதற்கும் மேல். ஏறக்குறைய நம் வகுப்பறை மேசையைவிட உயரம்! அதனால்தான் இரண்டு மூன்று படிகள் ஏறி உள்ளே போகிறோம்.

இதற்கு மாற்றாக உள்ளது தாழ்தளப் பேருந்து. இதில் எஞ்சின் பின்புறம் இருக்கும். முன்பாதியின் அடியில் தண்டு ஓடுவதில்லை. எனவே தளத்தை 400 மில்லிமீட்டர் உயரத்துக்கே தாழ்த்த முடிகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட 650 மில்லிமீட்டர் வண்டிகளும் உண்டு. தாழ்தளப் பேருந்தின் சக்கரங்களுக்கு மேல் காற்றுப் பைகள் இருக்கின்றன. நிறுத்தத்தில் நின்றதும் ஓட்டுநர் வாசல் பக்கத்துப் பைகளிலிருந்து சிறிது காற்றை வெளியேற்றினால், யானை பாகனுக்காகச் சற்றே தாழ்ந்து கொடுப்பதுபோல் வண்டி அந்தப் பக்கம் தாழும். பிறகு நடுவாசலில் மடிந்திருக்கும் சாய்பலகையை விரித்தால் சக்கர நாற்காலி உருண்டே உள்ளே போய்விடும். யாரும் யாரையும் தூக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு சிறு கணக்கு. தளம் 400 மில்லிமீட்டர். நிறுத்தத்தின் நடைமேடை 150 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பஸ் நடைமேடையை ஒட்டி நின்றால் மீதி உயரம் 250 மட்டுமே. வண்டி தாழ்ந்து கொடுத்தால் அது இன்னும் குறையும். ஆனால் பஸ் நடைமேடையை விட்டு விலகி நடுச்சாலையில் நின்றால் அந்த 150-இன் பயன் போய்விடும், சாய்பலகை செங்குத்தாகிவிடும். ஆகவே நல்ல வண்டி மட்டும் போதாது. நல்ல நிறுத்தமும், அதை ஒட்டி நிறுத்தும் ஓட்டுநரும் வேண்டும். நிறுத்தத்தில் மோட்டார் சைக்கிள்களும் தள்ளுவண்டிகளும் நிற்காதிருக்கவும் வேண்டும்.

இந்த வசதி சக்கர நாற்காலிக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடக்கூடாது. முழங்கால் வலியுள்ள பாட்டி, நிறைமாதக் கர்ப்பிணி, கைக்குழந்தையோடு வரும் தாய், கீரைக்கூடையோடு சந்தைக்குப் போகும் அம்மா ஆகிய அனைவருக்கும் தாழ்ந்த தளம் வரமாகும்.

வழிமறித்த பத்தொன்பது பேர்

இத்தகைய வண்டிகள் தாமாக வந்துவிடவில்லை. கேட்டவர்கள் இருந்ததால் வந்தன. அதை அறிய அமெரிக்க நாட்டுக்குச் செல்ல வேண்டும்.

1978-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள். கொலராடோ மாநிலத்தின் தலைநகரான டென்வர். கோல்ஃபாக்ஸ், பிராட்வே என்னும் இரு பெருஞ்சாலைகள் கூடும் இடத்தில் பத்தொன்பது மாற்றுத்திறனாளிகள் சக்கர நாற்காலிகளோடு வந்து இரண்டு பஸ்களை மறித்தார்கள். சிலர் நாற்காலியை விட்டிறங்கித் தார்ச்சாலையிலேயே படுத்துக்கொண்டார்கள். "நாங்களும் பயணம் செய்வோம்" என்பதே அவர்கள் எழுப்பிய குரல். இரவு முழுதும் அங்கேயே இருந்து மறுநாளும் மறியலைத் தொடர்ந்தார்கள்.

அவர்களிற் பலர் இளம் வயதிலேயே காப்பகங்களில் விடப்பட்டவர்கள். அங்கிருந்து வெளியேறிச் சொந்தமாக வீடெடுத்து வாழத் தொடங்கியிருந்தார்கள். வீடு கிடைத்தது, ஆனால் வேலைக்கோ கடைக்கோ நண்பர் வீட்டுக்கோ போக வண்டியில்லை. காப்பகத்தின் நான்கு சுவருக்குப் பதிலாக வீட்டின் நான்கு சுவர் என்றால் விடுதலை ஏது? அதனால்தான் அவர்கள் பஸ்ஸைக் கேட்டார்கள். 1983-இல் இந்த நோக்கத்துக்காகவே 'அடாப்ட்' என்னும் அமைப்பு டென்வரில் தொடங்கப்பட்டது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1990 மார்ச் 12 அன்று, தலைநகர் வாஷிங்டனில் இன்னொரு காட்சி நடந்தது. உரிமைச் சட்டம் நிறைவேறாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. ஏறத்தாழ அறுபது பேர் தங்கள் நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டு, நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் தவழ்ந்து ஏறத் தொடங்கினார்கள். அவர்களுள் ஜெனிஃபர் கீலன் என்ற எட்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. நம் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் படிக்கும் தங்கைகளின் வயது! அவ்வாண்டு ஜூலை 26-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் எச்.டபிள்யூ. புஷ் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன்பின் அந்நாட்டு நகரங்கள் வழித்தடங்களுக்கு வாங்கும் ஒவ்வொரு புதிய பஸ்ஸிலும் சாய்பலகையோ தூக்கும் தட்டோ இருந்தாக வேண்டும் என்றாயிற்று.

வாசலுக்கு வரும் பங்கு வண்டி

பஸ் இவ்வாறு திருந்திய பின்னும் அதில் போக இயலாதவர்கள் சிலர் இருப்பார்கள். நிறுத்தம் வரை வர உடல்நிலை இடம் தராதவர், எந்த நிறுத்தத்தில் இறங்குவது என்று நினைவில் வைக்க இயலாதவர் முதலியோர் அவர்கள். இவர்களுக்காக அதே சட்டம் இன்னொரு ஏற்பாட்டையும் செய்தது. நகர பஸ் நடத்தும் ஒவ்வொரு நிர்வாகமும் அதற்குத் துணையாக வேன் சேவை ஒன்றையும் நடத்த வேண்டும். இது வாடகைக் கார் அன்று. நம் ஊர்ப் பங்கு ஆட்டோவைப் போல, ஒரே திசையில் போகும் பலரைச் சேர்த்து ஏற்றிச் செல்லும் பொது வண்டி. ஆனால் இது முன்பதிவின்படி வரும். இதன் விதிகள் நம் கவனத்துக்கு உரியவை.

ஒன்று, பஸ் வழித்தடத்தின் இருபுறமும் முக்கால் மைல், அதாவது சுமார் 1.2 கிலோமீட்டர் எல்லைக்குள் இருப்பவர்களுக்கு இந்தச் சேவை கிடைக்க வேண்டும். பஸ் ஓடும் நாட்களிலும் நேரங்களிலும் இதுவும் ஓட வேண்டும்.

இரண்டு, கட்டணம் சாதாரண பஸ் கட்டணத்தைப்போல் இருமடங்குக்கு மேற்படக்கூடாது. உதவிக்கு உடன் வருபவருக்குக் கட்டணமே இல்லை.

மூன்று, எதற்காகப் போகிறாய் என்று கேட்டு முன்னுரிமை தரவோ மறுக்கவோ கூடாது. மருத்துவமனைக்கும், வேலைக்கும், கல்லூரிக்கும், தோழியின் பிறந்தநாள் விழாவுக்கும் ஒரே மதிப்புத்தான். இந்த விதி எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. நோய்க்கு மட்டும் வெளியே போகலாம், மகிழ்ச்சிக்குப் போகக்கூடாது என்று யாரேனும் நம்மிடம் சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா?

நான்கு, இதற்குத் தகுதி உண்டா என்று முதலில் விண்ணப்பிக்க வேண்டும். 21 நாட்களுக்குள் முடிவு சொல்லாவிட்டால், முடிவு வரும்வரை விண்ணப்பித்தவருக்குச் சேவை தந்தாக வேண்டும்.

இந்த வண்டியைப் பயன்படுத்துவதிலும் ஒரு பழக்கம் வேண்டும். முந்தின நாளே அழைத்துப் பதிவு செய்ய வேண்டும். கேட்ட நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகவோ பின்னதாகவோ புறப்படும் நேரத்தை மாற்றிப் பேச நிர்வாகத்துக்கு இடமுண்டு. ஒருவருக்குப் பத்து மணிக்கு வகுப்பு என்று கொள்வோம். "ஒன்பதரைக்கு வண்டி வேண்டும்" என்று மட்டும் சொன்னால் போதாது. "பத்து மணிக்குள் நான் அங்கே இருக்க வேண்டும்" என்று போய்ச் சேரும் நேரத்தைச் சொல்லிவிடுவதே நல்லது. ஏனெனில் வண்டி வழியில் இன்னும் இருவரை ஏற்றவும் ஒருவரை இறக்கவும் கூடும். பல ஊர்களில் குறித்த நேரத்தை ஒட்டி அரை மணி அவகாசம் வைத்துக்கொள்கிறார்கள். அதற்குள் வண்டி எப்போது வந்தாலும் அது நேரத்துக்கு வந்ததாகவே கொள்ளப்படும். வந்தபின் சில நிமிடங்களே காத்திருக்கும். எனவே பயணி முன்கூட்டியே ஆயத்தமாக இருக்க வேண்டும். போகவில்லை என்றால் பதிவை உடனே நீக்கிவிட வேண்டும். ஒருவர் பத்து நிமிடம் தாமதித்தால் உள்ளே இருக்கும் மற்றவர்களின் பத்து நிமிடமும் போகிறது. காலி வீட்டு வாசலுக்கு வந்து திரும்பும் வண்டி, வேறொருவர் போயிருக்க வேண்டிய இடத்தை வீணாக்குகிறது. பகிர்ந்துகொள்ளும் வண்டியில் நேரமும் பகிர்ந்துகொள்ளப்படுகிறது.

இச்சேவையில் குறைகளும் உண்டு. வண்டி தாமதமாவது பொதுவான முறையீடு. சுற்றிச் செல்வதால் பயணம் நீளும். எல்லைக்கு அப்பால் வீடு இருப்பவருக்குச் சட்டம் உதவாது. நிர்வாகத்துக்கோ ஒரு பயணத்தின் செலவு பஸ் பயணத்தைப்போல் பல மடங்கு ஆகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, "இன்று மாலை நூலகம் போகலாம்" என்று இன்றே நினைத்துப் புறப்பட முடியாது. இதனால்தான் டென்வர் மக்கள் தனி வண்டியோடு மன நிறைவு அடையாமல், ஊரார் எல்லோரும் போகும் பஸ்ஸையே கேட்டார்கள். தனி வண்டி, இயலாதவருக்குத் துணை. ஏறத்தக்க பஸ்ஸே அடிப்படை. ஏற முடிந்தவரையும் தனி வண்டிக்கு அனுப்பிவிட்டால், அவருடைய சுதந்திரம் சுருங்குகிறது; உண்மையில் வேன் தேவைப்படுபவருக்கு இடமும் குறைகிறது.

இடம் இருந்தும் இடமில்லை

பஸ்ஸைத் தாழ்த்திவிட்டால் வேலை முடிந்ததா என்றால், இல்லை என்று இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்குச் சொல்கிறது. 2012-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், டக் பாலி என்பவர் லீட்ஸ் நகருக்குப் போகச் சக்கர நாற்காலியில் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். பஸ்ஸில் சாய்பலகை இருந்தது. நாற்காலிக்கென்று ஒதுக்கிய இடமும் இருந்தது. ஆனால் அந்த இடத்தில், உறங்கும் குழந்தையோடு ஒரு தள்ளுவண்டி நின்றது. நகர்த்தும்படி ஓட்டுநர் கேட்டார், தாய் மறுத்தார். பாலி அந்த பஸ்ஸில் போக முடியவில்லை.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2017 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு ஓட்டுநர் விட்டுவிடுவது போதாது; மறுப்பு நியாயமற்றது என்று தெரிந்தால், சில நிமிடம் வண்டியை எடுக்காமல் நிறுத்துவது போன்ற அடுத்த முயற்சியையும் அவர் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. இதைப் படித்தபோது எங்களுக்குச் சிறிது வெட்கமாக இருந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு என்று எழுதிய இருக்கையில் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு நாங்களே எத்தனை முறை உட்கார்ந்திருக்கிறோம்! எழுந்திருக்கச் சொல்லும்வரை எழுந்ததில்லை.

நம் நாட்டில்

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். இவர்களில் எத்தனை பேரை நாம் பஸ்ஸில் பார்க்கிறோம்? பார்க்காததால் அவர்கள் இல்லை என்று ஆகிவிடாது. படி அவர்களை வீட்டில் நிறுத்தி வைத்திருக்கிறது.

நம் நாட்டில் 1995-இல் முதல் சட்டம் வந்தது. ஆனால் போக்குவரத்து வசதிகளைப் பொருளாதார வசதிக்கு உட்பட்டுச் செய்யலாம் என்று அது விட்டுவிட்டது. 2006-இல் ஐக்கிய நாடுகள் சபை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஏற்றது. அடுத்த ஆண்டே இந்தியா அதை ஏற்று உறுதி செய்தது. அதன் வழியில் 2016-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டம் 7 வகைக் குறைபாடுகளைச் சொன்னது. புதிய சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. பஸ் நிலையம், ரயில் நிலையம், விமான நிலையம், வண்டிகள் ஆகியவற்றை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தத் தக்கவையாக ஆக்க வேண்டிய கடமையை அதன் 41-ஆம் பிரிவு அரசின் மேல் வைக்கிறது.

தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளும் அவர்களுக்கு உதவியாக வரும் ஒருவரும் கட்டணமின்றிப் பயணம் செய்ய அரசு வழி செய்தது. நல்ல சலுகைதான். ஆனால் ஏற முடியாத வண்டியில் இலவசம் என்றால் அதனால் என்ன பயன்?

பஸ்ஸின் உயரத்தைக் குறைக்கக் கோரிச் சென்னை உயர்நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. 2024 ஆகஸ்டில் சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் புதிய தாழ்தளப் பேருந்துகளை ஓட்டத் தொடங்கியது. 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. அவையும் தாழ்தள வண்டிகளே. நிறுத்தத்தின் பெயரை அறிவிக்கும் ஒலிபெருக்கியும் 2023 முதல் மாநகர பஸ்கள் பலவற்றில் பொருத்தப்பட்டது. பார்வையற்றோருக்கு மட்டுமன்றி, ஊருக்குப் புதியவருக்கும் அது உதவி. 2015-இல் ஓடத் தொடங்கிய சென்னை மெட்ரோவில் நிலையங்களில் மின்தூக்கியும், ரயிலில் சக்கர நாற்காலிக்கு இடமும் உள்ளன.

ஆனால் சென்னையோடு தமிழ்நாடு முடிந்துவிடவில்லை. எங்கள் தோழி கல்லூரிக்குப் போக வேண்டிய தடத்தில் ஓடுபவை இன்னும் உயர்ந்த படி வைத்த பழைய வண்டிகளே.

நாம் செய்யத் தக்கவை

வண்டி வாங்குவது அரசின் வேலை. அந்த வண்டியில் நடந்துகொள்வது நம் வேலை. தோழிகளுக்கு நாங்கள் சொல்ல விரும்புபவை இவை.

நிறுத்தத்தில் சக்கர நாற்காலியில் யாரேனும் இருந்தால், கைகாட்டி வண்டியை நடைமேடையை ஒட்டி நிறுத்தச் சொல்லுங்கள். "அண்ணா, பலகையை விரிங்க" என்று ஓட்டுநரிடமோ நடத்துநரிடமோ மரியாதையாகக் கேளுங்கள். பலகை விரியும்வரை முண்டியடித்து ஏறாதீர்கள். அவர் உள்ளே போய், நாற்காலியின் தடையைப் போட்டு, வார் மாட்டிக்கொள்ளும் வரை பொறுத்திருங்கள்.

நாற்காலியைக் கேட்காமல் தள்ளாதீர்கள். அது அவர் உடம்பின் ஒரு பகுதி போன்றது. "அக்கா, உதவி வேணுமா? எப்படிச் செய்யணும்?" என்று அவரிடமே கேளுங்கள். உடன் வந்தவரிடம், "இவங்க எங்கே இறங்கணும்?" என்று கேட்காதீர்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் மனம் வருந்தாதீர்கள்.

பார்வையற்றவர் நின்றால் வரும் பஸ்ஸின் எண்ணையும் ஊரையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளச் செய்யுங்கள். காது கேளாதவருக்கு நிறுத்தத்தின் பெயரை எழுதிக் காட்டுங்கள். மெதுவாகப் பேசுபவர் நடத்துநரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லி முடிக்கும்வரை பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க வேண்டாம்.

ஒதுக்கிய இருக்கையில் வேறு இடமில்லாமல் உட்கார்ந்தால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுபவரைக் கவனியுங்கள். சில குறைபாடுகள் வெளியே தெரியா. "உங்களைப் பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறீர்கள்?" என்று கேட்டு யாரையும் புண்படுத்தாதீர்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். "பாவம், வீட்டிலேயே இருக்கட்டும்" என்பது அன்பினால் வரும் சொல்தான். ஆனால் அந்த அன்பு ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்திவிடக்கூடும். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை, பயணச் சலுகை ஆகியவற்றைக் கேட்டுப் பெறுங்கள்.

விண்ணப்பம்

இவ்வளவும் படித்தபின் நாங்கள் சும்மா இருக்கவில்லை. அந்தத் தடத்தில் காலையிலும் மாலையிலும் ஒரு தாழ்தளப் பேருந்தாவது விடும்படி கேட்டு, போக்குவரத்துக் கழகத்தின் கிளை மேலாளருக்கு வகுப்பின் சார்பில் விண்ணப்பம் எழுதினோம். நம் பள்ளி வாசல் நிறுத்தத்துக்கு நடைமேடை வேண்டும் என்று நகராட்சிக்கும் ஒன்று எழுதினோம். "எங்கள் தோழியின் நிலையைக் கருணையுடன் பரிசீலிக்குமாறு வேண்டுகிறோம்" என்று முதலில் எழுதியிருந்தோம். படித்துப் பார்த்த அவள் பேனாவை வாங்கி, "கருணையுடன்" என்ற சொல்லை அடித்துவிட்டு, "2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி" என்று எழுதினாள். முதல் கையெழுத்தும் அவளுடையதே. அதன்கீழ் வகுப்பு முழுவதும் கையெழுத்திட்டோம்.

இம்மலர் அச்சுக்குப் போகும்வரை பதில் வரவில்லை. வராவிட்டால் மீண்டும் எழுதுவோம். இதற்கிடையில் அவளுடைய அப்பா கல்லூரி விண்ணப்பப் படிவம் வாங்கி வந்துவிட்டார். "பஸ் வர்றப்ப வரட்டும். முதல்ல சேரட்டும்" என்றாராம்.

பொதுப் போக்குவரத்து என்றால் என்ன என்று இனி யாரேனும் கேட்டால், பழைய விடையோடு ஒரு வரி சேர்த்து எழுதுவோம். கடைசி ஆள் ஏறும்வரை அது பொது வண்டி ஆகாது. அந்தக் கடைசி ஆள் ஏறுவதற்கு ஆகும் இரண்டு நிமிடம் நம்முடையது. அதை மனமுவந்து தருவோம்.

— பன்னிரண்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியர்